பச்சை குத்தலும் ஊசியும்: ஒரு சின்ன வரலாறு

பச்சை குத்துறதுன்னு சொல்றோம். ஆனால் உள்ளே போவது கறுப்பு. விளக்குக் கரிதான் மை. தோலுக்கு அடியில் தங்கிவிட்ட கரி, மேலிருந்து பார்க்கும்போது நீலமும் பச்சையுமாகத் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், பச்சை குத்தும் குறவர் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நாலைந்து தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினால் கருவி தயார். கரியைக் குழைத்து, வடிவம் வரைந்து, அதன்மேல் குத்துவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டு, வீக்கத்துக்கு மஞ்சள். ஜான் லேயார்டு 1937-இல் 'ஃபோக்லோர்' இதழில் எழுதிய கட்டுரை, வாசலில் போடும் கோலத்தையும் கையில் குத்தும் பச்சையையும் சேர்த்தே ஆராய்ந்தது. நம்ம பாட்டிமார் கையில் இருப்பது வெறும் அலங்காரம் இல்லை, அவங்க போட்ட கோலம்.

அடுத்து மெஷின். எடிசன் 1876-இல் காப்புரிமை வாங்கிய மின்பேனாவின் வழியில், நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-இல் மின்சார டாட்டூ கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வேகம் கூடியது. சுத்தம் கூடியதா? அழுத்த நீராவியில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை பிரான்சில் சாம்பர்லாண்ட் 1879-லேயே உருவாக்கிவிட்டார். மெஷினுக்கு 12 வருஷம் முன்னாடியே! ஆனாலும் டாட்டூ கடைக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆச்சு. மஞ்சள் காமாலை பரவியதைக் காரணம் காட்டி நியூயார்க் நகரம் 1961-இல் டாட்டூவையே தடை செய்தது. தடை நீங்கியது 1997-இல்.

இங்கே? 1970களில் அதிமுக தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார் எம்.ஜி.ஆர். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது தனிக்கதை. எச்ஐவி கிருமி அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம்ம சென்னையில்தான். ஆனால் ஊசி விஷயத்தில் அதைவிட எளிதாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. உலர்ந்த ரத்தக் கறையிலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு என்பது நல்ல செய்தி.

இந்த வரலாறு முழுக்க ஒரே கேள்விதான்: அந்த ஊசி இதற்கு முன்னாடி யார் கையில் இறங்கியது? மீஞ்சூரில் திருவிழாக் கடையோ, திருவொற்றியூரில் ஏசி போட்ட ஸ்டுடியோவோ, இதைத்தான் கேட்கணும். சீல் பிரிக்காத ஊசி பாக்கெட்டை உங்க கண் முன்னாடி பிரிக்கணும், காலாவதி தேதியையும் பாருங்க. மையைப் பாட்டிலிலிருந்து சின்ன மூடியில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடணும். ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை. திரும்பப் பயன்படுத்தும் பிடி போன்ற பாகங்கள் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் இருந்திருக்கணும். ஸ்பிரிட்டில் துடைச்சுட்டேன் என்றால் எழுந்து வந்துடுங்க.

விலைப் பட்டியலும் டிசைன் ஆல்பமும் கடையின் தரத்தைச் சொல்லாது. 2024 டிசம்பரில் திருச்சியில் வாடிக்கையாளர்களின் நாக்கைப் பிளந்துவிட்ட ஒரு டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது நினைவிருக்கும். மருத்துவர் செய்ய வேண்டியதை நானே செய்றேன் என்கிற கடையில் பச்சைகூடக் குத்திக்கொள்ள வேண்டாம். இன்னொன்று: 2017-இன் தேசிய வழிகாட்டுதல்படி, டாட்டூ போட்டபின் 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது. வீட்டில் யாருக்காவது ரத்தம் தேவைப்படும் நேரமென்றால் யோசிச்சுக்கோங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்க பாட்டி கையில் பச்சைக் கோலம் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து, எந்த ஊரில், எந்த வயசில் குத்தினாங்க என்று கேட்டு எழுதி வையுங்க. அந்த வடிவங்களில் பல, அவங்க கையில் மட்டும்தான் இருக்கு.