அருணாசலத்தின் வடசரிவு: நிழலில் மீநிறமாலைத் தொலையுணர்வு

ரமணாசிரமத்து வாசலில் நிற்பவருக்குத் தெரிவது மலையின் தென்முகம். மார்கழி நண்பகலில் அது பளிச்சென்றிருக்கும். இக்கட்டுரை பேசவிருப்பது கிரிவலப் பாதையின் மறுபாதியிலிருந்து தெரியும் வடமுகத்தை, ஒளியைப் பல குறுகிய அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் மீநிறமாலைக் கருவியால் விமானத்திலிருந்து படமெடுப்பதைப் பற்றி.

திருவண்ணாமலையின் அகலாங்கு சுமார் 12.2 பாகை. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 35.6 பாகை சாய்ந்திருக்கும். அப்போது 30 பாகை சரிவுள்ள தென்முகம், அதே சரிவுள்ள வடமுகத்தைப்போல் 2.4 மடங்கு நேரொளி பெறுகிறது. சரிவு 50 பாகையானால், வடமுக அளவீட்டைச் சமதளத்துக்கு ஈடாக்கக் கோசைன் திருத்தம் அதைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கும். கருவியின் இரைச்சலும் கூடவே பெருகும்.

இஸ்ரோவும் நாசாவும் 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை நடத்திய அவிரிஸ்-என்ஜி என்னும் மீநிறமாலைக் கருவியின் விமானப் பறப்புகளில் முதுமலையும் ஒரு தளம். அக்கருவி 380 முதல் 2510 நானோமீட்டர் வரை, சுமார் 5 நானோமீட்டர் இடைவெளியில் அளக்கும். குளிர்காலப் பறப்புக்குத் தெளிந்த வானம் போதிய காரணம் என்பார்கள். சமவெளிக்குச் சரி, மலைக்குப் பாதி நியாயம்தான்.

ஏனெனில் நிழலில் வெளிச்சம் குறைவதோடு அதன் நிறமும் மாறிவிடுகிறது. நேரொளி மறைந்த இடத்தில் வானின் சிதறொளியே மிச்சம். காற்று மூலக்கூறுகளின் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பதால், 900 நானோமீட்டரில் அது 450-இல் உள்ளதில் பதினாறில் ஒரு பங்கு. நிறமாலைகளின் வடிவத்தை மட்டும் ஒப்பிடும் நிறமாலைக் கோண முறை வெளிச்ச வேறுபாட்டைப் பொருட்படுத்தாது என்று நம்பி நிழலிலும் அதைப் பயன்படுத்துவோர் உண்டு. எல்லா அலைநீளமும் ஒரே விகிதத்தில் குறைந்தால்தான் அந்த நம்பிக்கை செல்லும். இங்கே நீலம் தங்குகிறது, அகச்சிவப்பு போய்விடுகிறது.

அருணாசலத்தில் இந்த இழப்புக்கு விலை உண்டு. சரிவுகளில் ஆளுயரத்துக்கு எலுமிச்சைப் புல் வளர்கிறது. கோடையில் காய்ந்து பற்றுகிறது. 1980களின் பிற்பகுதி முதல் நட்டு வளர்த்த மரங்களுக்கு முதல் எதிரி அந்தத் தீ. காய்ந்த புல்லைக் காட்டிக்கொடுப்பது 2100 நானோமீட்டரை ஒட்டிய செல்லுலோஸ் உறிஞ்சுபட்டை. முழு நிழலில் அந்தப் பகுதி இரைச்சலில் மூழ்கிவிடும்.

ஆகவே தீ எரிபொருளை வரைபடமாக்கச் சித்திரை ஒன்பது, பத்து தேதிகளை ஒட்டிய பகலே ஏற்றது என்பது என் முடிவு. அப்போது சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வருகிறது; புல்லும் காய்ந்திருக்கிறது. சரியாக உச்சிப்பொழுதில் பறந்தால் சூரியனும் கருவியும் ஒரே கோட்டில் அமைந்து படத்தில் மிகைவெளிச்சம் விழும். ஒரு மணி நேரம் முந்திப் பறந்தால் அது குறையும். 30 பாகைச் சரிவுகளிடையே கிழக்கு மேற்கு வேறுபாடும் 1.4 மடங்கைத் தாண்டாது.

மர இனங்களைப் பிரிக்க இந்த வழி உதவாது. கோடையில் பல மரங்களில் இலையே இருக்காது. அதற்கு மழைக்குப் பிந்தைய பறப்புதான். அப்போது வெயிலில் ஒன்றும் மலைநிழலில் ஒன்றுமாக இரண்டு வெள்ளைப் பலகைகளை வைத்து, சிதறொளியைத் தனியே அளக்க வேண்டும். நிழல் புள்ளிகளை மறைத்துவிட்டு மீதியை முழு மலையின் படமாகத் தருவது அறிவியல் ஆகாது. மலைப்பகுதிப் படங்களை வெளியிடுவோர் ஒவ்வொன்றோடும் வெயில் விழும் கோணத்தைக் காட்டும் படுகோண வரைபடத்தையும் இணைத்துத் தர வேண்டும்.