ஸ்டான்ஃபோர்டு டெய்லி வழக்கு

ஸ்டான்ஃபோர்டு டெய்லி வழக்கு என்பது, செய்தித்தாள் அலுவலகத்தைக் காவல்துறை சோதனையிடலாமா என்பது குறித்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1978-இல் முடிவான வழக்காகும். இதன் விளைவாக, செய்தியாளர்களின் குறிப்புகளையும் படங்களையும் காக்கும் சட்டம் 1980-இல் இயற்றப்பட்டது.

பின்னணி

1971 ஏப்ரல் 9 அன்று, கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவமனை அலுவலகங்களை ஆக்கிரமித்திருந்த போராட்டக்காரர்களைக் காவலர்கள் வெளியேற்றச் சென்றனர். மோதலில் 9 காவலர்கள் காயமடைந்தனர். மாணவர் நாளிதழான ஸ்டான்ஃபோர்டு டெய்லி அந்நிகழ்வின் படங்களை ஏப்ரல் 11-இல் வெளியிட்டது. தாக்கியவர்களை அடையாளம் காண மேலும் படங்கள் கிடைக்கலாம் என்று கருதிய காவலர்கள், மறுநாள் நீதிமன்றச் சோதனை ஆணையுடன் வந்தனர். மேசைகள், கோப்பு அலமாரிகள், குப்பைக்கூடைகள் வரை தேடினர். ஏற்கெனவே அச்சான படங்களே கிடைத்தன. இதழ் ஊழியர் எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை.

தீர்ப்பு

இதழ் தொடர்ந்த வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. உச்ச நீதிமன்றமோ 5-3 என்ற பெரும்பான்மையில் அவற்றை மாற்றியது. ஓரிடத்தில் சான்று இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால், அவ்விடத்துக்குரியவர் குற்றவாளியாக இல்லாவிட்டாலும் சோதனையிடலாம் என்றது.

நீதிபதி ஸ்டூவர்ட் இதற்கு உடன்படவில்லை. ஆவணத்தைக் கொண்டுவருமாறு அழைப்பாணை அனுப்பினால், கொடுக்கும் முன்பே நீதிமன்றத்தில் மறுப்புச் சொல்ல வழியுண்டு. சோதனையில் அந்த வாய்ப்பு இல்லை. ஒரு படத்தைத் தேடும் காவலரின் கண்ணில், நம்பித் தகவல் தந்தவரின் பெயரும் பட்டுவிடும். பிறகு வழக்கில் வென்றாலும் அந்த இரகசியம் திரும்பாது.

1980 ஆம் ஆண்டுச் சட்டம்

அதிபர் கார்ட்டர் காலத்தில் வந்த தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்களுக்கு வெளியிடும் நோக்கில் வைத்திருக்கும் குறிப்புகளையும் ஆவணங்களையும் சோதனையிட்டுக் கைப்பற்றுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. காவல்துறை பெரும்பாலும் அழைப்பாணை வழியையே நாட வேண்டும். செய்தியாளரே குற்றத்தில் ஈடுபட்டதாக நம்பக் காரணம் இருந்தாலோ, உயிரிழப்பைத் தடுக்க உடனடியாகத் தேவைப்பட்டாலோ விலக்கு உண்டு. விதி மீறினால் இழப்பீடு கோரலாம்.

வரம்புகள்

இச்சட்டம் சோதனையைத்தான் தடுக்கிறது, அழைப்பாணையைத் தடுப்பதில்லை. பெருநடுவர் குழு முன் தகவலாளரின் பெயரைச் சொல்ல மறுக்கும் உரிமை, அரசியலமைப்பின்படி செய்தியாளருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் கூறிவிட்டது. அந்த உரிமையை மாநிலச் சட்டங்களே பல அளவுகளில் தருகின்றன. அவற்றுள் முதலாவது மேரிலாந்து மாநிலம் 1896-இல் இயற்றியது.

2023 ஆகஸ்டில் கான்சாஸ் மாநிலத்தின் மேரியன் கவுண்டி ரெக்கார்டு இதழ் அலுவலகத்தில் காவலர்கள் சோதனையிட்டுக் கணினிகளை எடுத்துச் சென்றனர். போதிய சான்று இல்லை என்று சில நாள்களில் அரசு வழக்கறிஞர் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். பொருள்கள் திருப்பித் தரப்பட்டன. சட்டம் வந்து 43 ஆண்டுகளுக்குப் பிறகும், சோதனை முடிந்த பின்னரே அந்த இதழுக்கு நிவாரணம் கிடைத்தது.