பரபக்கம் காட்டும் வாதநெறி

சிவமயம்

ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரின் நூலை ஆராய்ந்து மறுத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. எதிர்வாதியின் கொள்கையை முதற்கண் அவன் கொண்டவாறே எடுத்துரைத்து, அதன்பின்னரே மறுத்தல் வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறைமை. இந்நெறி தமிழிலே நிலவிய வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பௌத்த காப்பியமாகிய மணிமேகலையிலே, வஞ்சி மாநகரில் அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகவுள்ள சமயவாதியர் தத்தம் பொருளைத் தாமே கூறக் காண்கின்றோம். பின்னர் நாதகுத்தனார் குண்டலகேசி இயற்றினார். அப்பௌத்த நூலுக்கு மறுப்பாக நீலகேசி என்னும் சைன நூல் எழுந்தது. அது குண்டலகேசி வாதத்தோடு அமையாது, ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம் முதலியவற்றையும் தனித்தனிச் சருக்கங்களில் ஆராய்கின்றது.

இங்கு ஒரு வியப்பு உண்டு. குண்டலகேசி முழுநூலாக இன்று நமக்குக் கிடைத்திலது. புறத்திரட்டிலே சேர்ந்த சில செய்யுட்கள் எஞ்சின. அந்நூலின் போக்கினை உணர்தற்கோ, அதனை மறுத்த நீலகேசியும் அதற்கு வாமன முனிவர் வகுத்த உரையுமே பெருந்துணையாகின்றன. அழிக்க எழுந்த வாதமே அழியாது காத்தது என்க.

சைவத்திலே இந்நெறி அருணந்தி சிவாசாரியரின் சிவஞானசித்தியாரால் நிறைவெய்தியது. அதன் முற்பகுதியாகிய பரபக்கம் உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை பதினான்கு மதங்களை எடுத்துக்கொள்கின்றது. ஒவ்வொன்றிலும் அம்மதத்தான் கூற்று முன்னும், அதன் மறுப்புப் பின்னுமாக நிற்கும். காட்சி ஒன்றே அளவை என்பானையும் ஆசிரியர் வாய்மூடச் செய்யவில்லை. அவன் வழக்கை முழுதும் உரைக்கவிட்டே விடை பகர்கின்றார்.

இப்பதினால்வர் ஒரு தன்மையர் அல்லர். பௌத்தரும் சைனரும் வேதத்தை அளவையாகக் கொள்ளாதவர். கொள்ளாத நூலைச் சான்றாகக் காட்டின் அவர் இசையார். ஆதலின் அவரோடு காட்சியும் அனுமானமும் கொண்டே வழக்காடல் வேண்டும். பட்டாசாரியன், பிரபாகரன், மாயாவாதி முதலியோரோ வேதத்தைத் தலைமேற் கொள்பவர். அவரோடு நிகழும் வாதம் நூலைப் பற்றியதன்று; நூலின் பொருளைப் பற்றியது. ஒரே வேதம் ஒருவர்க்குக் கருமத்தையும், மற்றொருவர்க்கு நிர்க்குணப் பிரமத்தையும், நமக்குப் பதி பசு பாசம் என்னும் முப்பொருளையும் உணர்த்துவதாக நிற்கின்றது. வேற்றுநூலாரோடு வாதிடுவதினும், ஒரு நூலையே ஓதுவாரோடு வாதிடுதல் அரிது.

பிறர் நூலையே சான்றாகக் கொண்டு வாதிடும் நெறியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் அது சிறந்து விளங்கிற்று. நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே பணிபுரிந்து, விவிலியத்தைத் தமிழாக்குதற்கும் துணைநின்றார்கள். 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, 1854-இல் சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார்கள். ஆலயக் கிரியைகளை அஞ்ஞானம் என்று இகழ்ந்தார்க்கு, அவர்தம் பழைய ஏற்பாட்டிலேயே திருக்கூடாரமும், தூபமும், விளக்கும், பலியும் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டினார்கள். விவிலியத்தை வரிவரியாகக் கற்றிராவிடின் அவ்விடை பிறந்திராது.

எனினும் ஒன்று கூறாதொழியின் நடுவுநிலை ஆகாது. நீலகேசியிலே வெல்வது சைனம். பரபக்கத்திலே வெல்வது சைவம். வாதத்தை எழுதுபவன் கையிலேயே வெற்றியும் உள்ளது. எதிர்வாதி உடனிருந்து திருத்தும் வாய்ப்பு ஏட்டிலே இல்லை. ஆதலின் மறுப்பு நூலால் மட்டும் பிறசமயத்தை அறிந்தவன் அதனை முற்ற அறிந்தவன் ஆகான். அதன் முதல்நூலையும் கற்றல் வேண்டும். இது பிறர்க்கும் ஒக்கும். நம் ஆகமத்தை ஓதாது நம்மை இகழ்வாரை நாம் கண்டிப்பது நீதியாயின், அவர் நூலை ஓதாது அவரை இகழ்தலும் நமக்கு நீதியன்று.

சிவஞான முனிவர் பொழிப்புரை வகுத்த சுபக்கத்தை ஓதுவார் இன்றும் உளர். பரபக்கத்தைப் பாடங்கேட்பாரோ மிகச் சிலரே. அதனை மாற்றார்மேல் எறியும் படைக்கலமாகக் கருதியவர் உளர். பழங்கதை என்று கைவிட்டவரும் உளர். அது மாற்றான் உரையை முழுதும் கேட்கும் பொறையைக் கற்பிக்கும் நூல். குடமுழுக்குக் கண்டு மகிழும் மெய்யன்பர்கள், திருக்கோயில் மண்டபத்திலே மாதம் ஒருநாளேனும் பரபக்கமும் சுபக்கமும் ஒருங்கே பாடங்கேட்க ஏற்பாடு செய்வார்களாக. கற்சுவரைப் புதுப்பித்த கை கல்வியையும் புதுப்பித்ததாகும்.

திருச்சிற்றம்பலம்.