பென்சிலுக்கு அடியில் இருக்கும் முகம்

1968இல் எப்போதும்வென்றானிலிருந்து பஸ் ஏறி, எட்டயபுரத்தில் மாறி, கோவில்பட்டிக்குப் போய் என் தாத்தாவும் பாட்டியும் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தோளில் துண்டு. நிலக்காரர் தெருவைக் கடக்கும்போது அதே துண்டு கக்கத்துக்குப் போய்விடும் காலம் அது. துட்டு கொடுத்தவனுக்கு ஸ்டுடியோவில் நாற்காலி கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பாட்டி அதில் வெளுப்பாக இருக்கிறாள். கரிசலில் பருத்தி எடுத்தே காய்ந்த கறுப்பி எப்படி வெளுத்தாள்?

காமிராவுக்கும் நமக்குமான பழைய உறவு நல்ல உறவல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்டார். மூக்கை அளந்த கையோடு படமும் பிடித்தார்கள். அந்தப் படங்களில் இருப்பவருக்குப் பேர் இல்லை, சாதிதான் பேர்.

ஸ்டுடியோவில் நாம் விரும்பிப் போய் உட்கார்ந்தோம். அங்கே வேறொரு சங்கதி. பழைய கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது; அதனால்தான் சிவப்பு விளக்கிலேயே அவற்றைக் கழுவ முடிந்தது. கறுத்த தோல் நீல ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பைத்தான் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். அது தகட்டில் பதியாது. ஆக நம் முகம் இருக்கிறதை விடவும் இருட்டாக விழுந்தது. சிவப்பையும் பார்க்கிற பான்குரோமாட்டிக் தகடு 1906இலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. பிற்பாடு இங்கேயும் அந்த வகை பிலிம் வந்தது. பிலிம் மாறியும் ஸ்டுடியோக்காரர்களின் கை மாறவில்லை.

"எண்ணெயத் துடைச்சிட்டுப் பவுடர் போட்டுட்டு வா" என்று பாட்டியிடம் சொன்னாராம். 'வாங்க' இல்லை, 'வா'. உண்மையில் கறுத்த முகத்துக்கு எண்ணெய்தான் நண்பன். விளக்கைப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் வைத்தால் கன்ன எலும்பு, நெற்றி, மூக்குத்தண்டு எல்லாம் அந்த மினுக்கத்தில் எழும்பி வரும். பவுடர் பூசி, நேர் எதிரே விளக்கைப் போட்டால் முகம் தட்டையாகிப் போகும். சோளமாவு பிசைந்து வைத்த மாதிரி. "ஆடாம மூச்சப் பிடி" என்றதும் பாட்டி மூச்சைப் பிடித்திருக்கிறாள். படத்தில் அது தெரிகிறது.

மிச்ச வேலை பென்சிலுக்கு. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: வெள்ளை வேட்டி கறுப்பாக, கறுத்த கன்னம் தெளிந்த கண்ணாடியாக இருக்கும். அதன்மேல் லேசாக வார்னிஷ் தடவி, கூர் சீவிய பென்சிலால் பொடிப்பொடியாகக் கீறுவார்கள். கீறிய இடத்தில் ஒளி தடைபடும். அச்சில் அந்த இடம் வெளுக்கும். சுருக்கம் போகும், வெயில் போகும், நிறம் போகும். கலியாணத்துக்குப் பெண் படம் என்றால் கூடவே கீறச் சொல்லி நம்மவர்களே கேட்டிருக்கிறார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

2010களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்தார்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் போனவை எத்தனையோ. பாட்டியின் நெகட்டிவைத் தேடி நான் போனபோது, அந்த ஸ்டுடியோ மூடிக் கிடந்தது. வெள்ளி எடுக்கிறவர்களிடம் பழைய நெகட்டிவ்களை எடைக்குப் போட்டாகிவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் பரணில் தங்கிப்போன ஒரே ஒரு கண்ணாடித் தகட்டைத் தந்தார். யாரோ ஒரு அம்மா.

தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். கன்னத்தில் பென்சில் கீறல்கள் ஈயம் போலப் பளபளத்தன. நேராக நிமிர்த்தினேன். கீறலுக்கும் கீறலுக்கும் இடையில் அவளுடைய தோல் துல்லியமான கண்ணாடியாக இருந்தது.