விண்டர் டயர் இரண்டு போதுமா, நான்கும் வேண்டுமா? ரியர் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கனடாவில் அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் டயர் கடைகளில் கூட்டம் கூடத் தொடங்கிவிடும். கோடை டயரைக் கழற்றிவிட்டு விண்டர் டயர் மாட்ட வேண்டிய நேரம் அது. டொராண்டோ, மாண்ட்ரியல் போன்ற நகரங்களில் வாழும் தமிழர்களுக்கும், படிப்புக்கோ வேலைக்கோ புதிதாகப் போயிருப்பவர்களுக்கும் இது ஆண்டுதோறும் வரும் வேலை, ஆண்டுதோறும் வரும் செலவு.

இதில் ரியர் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்களுக்குக் குழப்பம் கொஞ்சம் அதிகம். டெஸ்லா மாடல் 3 காரின் ரியர் வீல் டிரைவ் ரகம், ஃபோர்டு மஸ்டங், செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்களில் பல ஆகியவை இந்த வகை. "பின் சக்கரம்தானே காரைத் தள்ளுது, அந்த இரண்டுக்கு மட்டும் விண்டர் டயர் போட்டால் போதாதா?" என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி.

போதாது. அது பணத்தை மிச்சப்படுத்தாது, உயிருக்கே ஆபத்தாகலாம். ஏன் என்று பார்க்கலாம்.

ரியர் வீல் டிரைவ் பனியில் ஏன் திணறுகிறது?

முன் சக்கரங்கள் இழுக்கும் கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் எடையும் அந்தச் சக்கரங்கள் மீதே உட்கார்ந்திருக்கும். அந்த அழுத்தத்தில் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். ரியர் வீல் டிரைவ் காரில் பொதுவாக எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கும். இன்ஜின் முன்னால் இருக்கும், தள்ளும் வேலை பின்னால் நடக்கும். அதனால் பனி மூடிய சிக்னலில் இருந்து கிளம்பும்போது பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வளைவில் வரும். வளைவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதித்தாலும் பின் சக்கரம் பிடிமானத்தை இழந்து, காரின் பின்பக்கம் வெளியே வீசும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது இன்ஜினின் வேகத்தைக் குறைக்கும், தேவைப்பட்டால் ஒரு சக்கரத்துக்கு பிரேக் போடும். அவ்ளோதான். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. அதைத் தர வேண்டியது டயர்.

பின்னால் மட்டும் இரண்டு போட்டால் என்ன ஆகும்?

கார் கிளம்பும். அதில்தான் ஆபத்தே. நன்றாகக் கிளம்புகிறது என்ற நம்பிக்கையில் ஓட்டுநர் வேகம் பிடிப்பார். ஆனால் பிரேக் அடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாயும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கு. ஸ்டீயரிங்கும் அதே சக்கரங்களைத்தான் திருப்புகிறது. அங்கே கோடை டயர் இருந்தால் கார் நேரத்துக்கு நிற்காது, ஸ்டீயரிங்கை வளைத்தாலும் நேராகவே வழுக்கிக்கொண்டு போகும்.

முன்னால் மட்டும் போட்டால் அதற்கு நேர் எதிர். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. லேசாக பிரேக் தொட்டாலே கார் தட்டாமாலை சுற்றும்.

ஆக, முன்சக்கரமோ, பின்சக்கரமோ, ஆல் வீல் டிரைவோ, எந்தக் காராக இருந்தாலும் நான்கும் ஒரே வகை விண்டர் டயராக இருக்க வேண்டும். ஆல் வீல் டிரைவ் கார் பனியில் சுலபமாகக் கிளம்பும் என்பது உண்மைதான். ஆனால் நிற்கும்போது எல்லாக் காருக்கும் நான்கு சக்கரம், நான்கு பிரேக். நான்கு நல்ல விண்டர் டயர் போட்ட ரியர் வீல் டிரைவ் கார், சாதாரண டயரில் ஓடும் ஆல் வீல் டிரைவ் காரைவிடப் பனியில் நம்பிக்கையாக நிற்கும்.

7 டிகிரி கணக்கு என்ன?

விண்டர் டயர் பனி பெய்யும்போது மட்டும் தேவை என்பது தவறான எண்ணம். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையின் மேடு பள்ளத்தில் பதியாது, வழுக்கும். சாலை காய்ந்திருந்தாலும் பிடிமானம் குறையும்.

விண்டர் டயரின் ரப்பர் கலவை கடும் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்படுகிறது. அதன் பட்டன்களில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். சக்கரம் உருளும்போது அவை விரிந்து சுருங்கி, பனியைக் கவ்விப் பிடிக்கும்.

எந்தச் சின்னத்தைப் பார்க்க வேண்டும்?

டயரின் பக்கவாட்டில், மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்க வேண்டும். பனியில் பிடிமானச் சோதனையில் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது பட்டன் அமைப்பைக் குறிக்கிறதே தவிர, பனியில் சோதித்ததற்கான சான்று இல்லை. ஆல் சீசன் டயர்கள் பலவற்றில் இந்த எழுத்து மட்டும்தான் இருக்கும்.

மலைச் சின்னம் உள்ள விண்டர் டயர்களிலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, ஐஸ், கனத்த பனி, கடும் குளிர் ஆகியவற்றுக்கான மென்மையான ரகம். நோக்கியன் ஹக்கபெலிட்டா, மிச்செலின் எக்ஸ்-ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் ஆகியவை இதில் பிரபலம். இன்னொன்று, மிச்செலின் ஆல்பின் போல, ஈரச் சாலையும் நெடுஞ்சாலை வேகமும் முக்கியம் என்பவர்களுக்கான ரகம். கனடா குளிரில், அதுவும் ரியர் வீல் டிரைவ் காருக்கு, பெரும்பாலானோருக்கு முதல் ரகமே பொருத்தம். அந்த மென்மையான ரப்பரில் வளைவுகளில் ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரும்பு ஆணி பதித்த டயர் ஐஸில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒன்டாரியோவில் அது வடக்குப் பகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. டொராண்டோவில் இருப்பவர்கள் அதை யோசிக்கவே வேண்டாம்.

அளவு: அழகுக்கு அல்ல, பிடிமானத்துக்கு

கோடையில் அகலமான டயர், பெரிய வீல் என்றால் பார்க்க எடுப்பாக இருக்கும். பனியில் கதை மாறிவிடும். அகலமான டயர் பனியின் மேல் மிதக்கும். கொஞ்சம் குறுகலான டயர் பனியை அறுத்துக்கொண்டு கீழே உள்ள சாலையைத் தொடும். அதனால் அந்தக் காருக்கு நிறுவனமே அனுமதித்துள்ள அளவுகளில் சிறிய வீலையும் குறுகலான டயரையும் எடுப்பது நல்லது. அந்த அளவுகள் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ, காருடன் வரும் கையேட்டிலோ இருக்கும்.

வீல் சிறிதானால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாதா? டயரின் மொத்த உயரம் மாறாமல் இருந்தால் காட்டாது. உதாரணமாக, மாடல் 3 காருக்கு 235/40 ஆர்19, 235/45 ஆர்18 என இரண்டு அளவுகளும் வந்திருக்கின்றன. முதலாவதன் மொத்த உயரம் சுமார் 671 மி.மீ., இரண்டாவது சுமார் 669 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ.தான். ஆனால் 18 இன்ச்சில் டயரின் பக்கச்சுவர் 12 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. பனிக்காலம் முடியும்போது சாலையில் விழும் குழிகளில் இறங்கினால், வீல் நெளியாமல் காப்பாற்றுவது அந்தக் கூடுதல் ரப்பர்தான்.

எடை தாங்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ தாங்கும். 94 என்றால் 670 கிலோ. பேட்டரி எடை உள்ள மின்சாரக் கார்களில் கதவு ஸ்டிக்கரில் சொன்ன எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

முன்னும் பின்னும் வேறு அளவு இருந்தால்?

வேகத்துக்குப் பேர்போன ரியர் வீல் டிரைவ் கார்களில் பின் டயர் அகலமாக இருக்கும். 2015 முதல் வந்த மஸ்டங் ஜிடி காரின் பர்ஃபாமன்ஸ் பேக்கேஜில் முன்னால் 255, பின்னால் 275 மி.மீ. அகலம். பனிக்கு இது இரண்டு வகையில் இடைஞ்சல். தள்ள வேண்டிய பின் டயரே பனியில் மிதக்கும். இரண்டாவது, முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட முடியாது. ரியர் வீல் டிரைவில் பின் டயர்தான் சீக்கிரம் தேயும் என்பதால், கடைசியில் இரண்டை மட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டி வரும். கையேடு அனுமதித்தால் விண்டருக்கு நான்கும் ஒரே அளவாக எடுப்பதே லாபம்.

வீல் வாங்கும்போது எங்கே ஏமாறுவோம்?

விண்டர் டயருக்குத் தனியாக நான்கு வீல் வாங்கி வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு இரண்டு முறை டயரை வீலில் இருந்து பிரித்து மாட்டும் கூலி மிச்சம். டயரின் விளிம்பும் கிழியாது. ஆனால் "ஐந்து நட் வீல்தானே, பொருந்தும்" என்று செகண்ட் ஹேண்ட் வீலை வாங்கிவிடக் கூடாது. பார்க்க வேண்டியவை நான்கு.

நட் துளைகளின் வட்டம்: பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் 2012-ல் வந்த தலைமுறைக்கு இது 120 மி.மீ. 2019-ல் வந்த தலைமுறைக்கு 112 மி.மீ. பெயர் ஒன்று, வீல் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

நடுத் துளை: மாடல் 3, மஸ்டங் இரண்டிலும் நட் வட்டம் 114.3 மி.மீ.தான். ஆனால் நடுத் துளை முன்னதில் 64.1, பின்னதில் 70.5 மி.மீ. துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும்.

ஆஃப்செட்: வீல் உள்ளே தள்ளி நிற்கிறதா, வெளியே தள்ளி நிற்கிறதா என்பதைச் சொல்லும் அளவு. தவறினால் டயர் உரசும்.

பிரேக் இடைவெளி: பெரிய பிரேக் உள்ள ரகங்களில் சிறிய வீல் உள்ளேயே போகாது.

ஸ்டீல் வீல் மலிவு, குழியில் அடிபட்டு நெளிந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் கனம், பெயின்ட் உரிந்த இடத்தில் துருவும் பிடிக்கும். சாதாரண பெயின்ட் பூச்சுள்ள அலாய் வீலும் நல்ல தேர்வுதான். பளபளவெனக் கடைந்த முகப்புள்ள அலாய் மட்டும் வேண்டாம். சாலையில் தூவும் உப்பு அதைச் சீக்கிரம் அரித்துவிடும். டயர் அழுத்தம் காட்டும் சென்சார் வீலுக்குள் இருக்கும் கார் என்றால், புதிய வீல்களுக்கும் அந்த மாடலுக்குரிய சென்சார் வாங்க வேண்டும்.

பழைய டயர் செட் வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த தேதி. 3522 என்றால் 2022-ம் ஆண்டின் 35-வது வாரம். ஆண்டுகள் ஓடினால் பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிவிடும். பட்டன் ஆழத்தையும் அளக்க வேண்டும். 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த டயரைப் பனிச் சாலையில் பயன்படுத்தக் கூடாது என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை.

சட்டமும் இன்சூரன்ஸும் என்ன சொல்கின்றன?

கியூபெக்: மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். இந்தச் சட்டம் 2008-ல் வந்தது. மீறினால் 200 முதல் 300 டாலர் அபராதம்.

ஒன்டாரியோ: கட்டாயம் இல்லை. ஆனால் விண்டர் டயர் போட்டால் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி, 2016 முதல் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு இருக்கிறது. கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

பிரிட்டிஷ் கொலம்பியா: பெரும்பாலான மலைப் பாதைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கட்டாயம்.

மாட்டிய பிறகு மறக்கக் கூடாதவை

வீல் நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். முதல் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும். வெப்பநிலை 5 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ காற்றழுத்தம் இறங்கும். 15 டிகிரியில் காற்றடித்த டயர், மைனஸ் 15 ஆகும்போது சுமார் 6 பிஎஸ்ஐ குறைந்து நிற்கும். மாதம் ஒருமுறையாவது, டயர் சூடாகும் முன், காலையில் அளந்துவிடுங்கள்.

ஓட்டும்போதும் கால் மென்மையாக இருக்க வேண்டும். ரியர் வீல் டிரைவ் மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலைச் சட்டென எடுத்தால், மோட்டார் பின் சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஐஸில் அதுவே கார் சுற்றிவிடக் காரணமாகலாம். மெதுவாக விடுங்கள். எந்த டயர் போட்டாலும் முன்னால் போகும் காருடன் இடைவெளி கோடையில் விடுவதைவிட அதிகமாக இருக்கட்டும்.

பட்ஜெட் இடித்தால் எதைக் குறைப்பது?

வீலில் குறைத்துக்கொள்ளலாம். அலாய்க்குப் பதில் ஸ்டீல், 19 இன்ச்சுக்குப் பதில் 18 இன்ச் எடுக்கலாம். சிறிய அளவு டயரின் விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் டயரின் தரத்திலும் எண்ணிக்கையிலும் குறைக்க வேண்டாம். விண்டர் டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் வீட்டில் இருக்கும் என்பதால், போட்ட பணத்தில் ஒரு பகுதி அந்த வழியில் திரும்பி வந்துவிடும்.