டெண்டாய் முத்தவரீரா

டெண்டாய் முத்தவரீரா, சிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் 1985 ஆகஸ்ட் 1ஆம் நாள் பிறந்து, தென்னாப்பிரிக்க ரக்பி யூனியன் அணியான ஸ்பிரிங்பாக்ஸுக்காக 2008 முதல் 2019 வரை 117 டெஸ்ட் ஆட்டங்களில், அதாவது தேசிய அணிகளுக்கு இடையிலான முழுத்தகுதி ஆட்டங்களில், களமிறங்கிய முன்கள வீரர் ஆவார். அவர் ஓய்வு பெற்றபோது அந்த அணிக்கு அவரைவிட மிகுதியாக ஆடியிருந்தவர்கள் விக்டர் மாட்ஃபீல்ட் (127), பிரையன் ஹபானா (124) ஆகிய இருவர் மட்டுமே. ‘பீஸ்ட்’ என்பது சிறுவயதிலேயே அவருக்கு அமைந்த பட்டப்பெயர். அவர் கையில் பந்து சேர்ந்த நொடியில் அரங்கம் முழுவதும் அப்பெயரை நீட்டி முழங்குவது தென்னாப்பிரிக்க ஆடுகளங்களின் வழக்கமாயிற்று.

பள்ளிப் பருவத்தில் அவர் முன்களத்தின் பின்வரிசையில், ஓடவும் பந்தைச் சுமந்து செல்லவும் வாய்ப்புள்ள இடத்தில் ஆடினார். டர்பன் நகரின் ஷார்க்ஸ் அணியில் சேர்ந்த பின்னர், பயிற்சியாளர் டிக் மியூர் அவரை முன்வரிசையின் இடப்பக்கத்துக்கு, ‘லூஸ்ஹெட் ப்ராப்’ எனப்படும் இடத்துக்கு மாற்றினார். அவரது விளையாட்டு வாழ்வைத் தீர்மானித்தது இம்மாற்றமே.

அதன் அருமையை உணர ‘ஸ்க்ரம்’ இயங்கும் முறையை அறிய வேண்டும். சிறு விதிமீறல்களுக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்க, இரு அணிகளின் எட்டு முன்கள வீரர்களும் மூன்று வரிசைகளாகத் தோள்பிணைத்துக் குனிந்து எதிரணியோடு முட்டித் தள்ளுவதே ஸ்க்ரம். முன்வரிசையில் நடுவே ‘ஹூக்கரும்’ இருபுறமும் இரு ப்ராப்களும் நிற்பர். வலப்பக்க ப்ராப்பான ‘டைட்ஹெட்’டின் தலை எதிரணியினர் இருவருக்கிடையே சிக்கியிருக்க, இடப்பக்க லூஸ்ஹெட்டின் தலைக்கு வெளிப்புறம் திறந்திருக்கும். ஆதலால் எதிர்நிற்கும் டைட்ஹெட்டின் மார்புக்குக் கீழே தோளைச் செலுத்தி, முதுகைத் தாழ்த்தி, அவரை மேல்நோக்கி எழுப்பிவிட்டால், பின்னாலிருந்து வரும் உந்துவிசையைத் தாங்க இயலாமல் அந்த முன்வரிசையே குலையும். நடுவர் பெனால்ட்டி வழங்குவார்.

2008 ஜூன் 14 அன்று பிரிட்டோரியாவில் வேல்ஸுக்கு எதிராக அறிமுகமான முத்தவரீரா, ஓராண்டுக்குப் பின் 2009 ஜூன் 20 அன்று டர்பனில் பிரிட்டிஷ்–ஐரிஷ் லயன்ஸ் அணியைச் சந்தித்தார். எதிர்நின்றவர் 2003ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்தின் பில் விக்கரி. ஸ்க்ரம்களில் விக்கரி நிலைகுலையும் அளவுக்கு அழுத்தம் தொடர்ந்தது. இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே விக்கரி மாற்றப்பட்டார். தென்னாப்பிரிக்கா 26–21 என வென்ற அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் முத்தவரீரா. இரு வாரங்களுக்குப் பின் ஜோஹன்னஸ்பர்க்கில் லயன்ஸ் 28–9 என வென்ற மூன்றாம் டெஸ்ட்டில் விக்கரி உறுதியாக நின்று தம் பெயரை மீட்டுக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

2010இல் அவர் தென்னாப்பிரிக்கக் குடிமகன் அல்லர் என்பதைச் சுட்டி, நாட்டு அணியில் ஆடலாகாது என அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. உலக ரக்பி அமைப்பின் வசிப்பிட விதிகளை அவர் நிறைவு செய்திருந்தும், அவ்வாண்டின் நடுவில் குடியுரிமை கிடைக்கும்வரை அவர் நிலை ஊசலாடியது. இதயத்துடிப்புச் சீர்கேடும் சில முறை அவரைக் களத்திலிருந்து விலக்கியது. சிகிச்சை பெற்று, உடலை முரட்டுத்தனமாக வருத்தும் அதே இடத்துக்கு அவர் திரும்பிய மனத்திண்மை அவருடைய எந்த வெற்றிக்கும் குறைந்ததன்று. 2018 ஜூனில் புளூம்ஃபான்டெய்னில் தம் நூறாவது டெஸ்ட்டை ஆடி, அவ்வெண்ணிக்கையை எட்டிய ஆறாவது ஸ்பிரிங்பாக் ஆனார்.

2011, 2015 உலகக் கோப்பைகளில் கைகூடாத பட்டம் 2019 நவம்பர் 2 அன்று யோகோஹாமாவில் கைகூடியது. இறுதியாட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்ளர் காயமுற்று வெளியேற, அவருக்குப் பதிலாக வந்த டான் கோல் இளைப்பாற வாய்ப்பின்றி நெடுநேரம் முத்தவரீராவையும் அவருக்குப் பின் வந்த ஸ்டீவன் கிட்ஷாஃபையும் தாங்க வேண்டியதாயிற்று. ஸ்க்ரம்களில் ஈட்டிய பெனால்ட்டிகளை உதைப்பாளர் ஹான்ட்ரே பொல்லார்ட் புள்ளிகளாக மாற்ற, தென்னாப்பிரிக்கா 32–12 என வென்றது. புள்ளிப்பட்டியலில் பொல்லார்டின் பெயரே இடம்பெறும். அந்தப் புள்ளிகளுக்கு வழிவகுத்த உழைப்பில் பெரும்பங்கு முன்வரிசையினுடையது.

அதே மாதம் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகிய அவர், 2020இல் அமெரிக்காவின் ஓல்ட் குளோரி டிசி அணிக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். பெருந்தொற்றால் அப்பருவம் இடையிலேயே கைவிடப்பட்டது.