திருச்சிக்கு ஏன் எப்போதும் 'சின்ன' விமானம்?

பிரிக்பீல்ட்ஸில் டிக்கெட் எடுத்தாலும் சரி, கிள்ளானில் எடுத்தாலும் சரி, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடியாகப் போக ஏர் ஆசியாவின் ஏர்பஸ் ஏ320, பாத்திக் ஏரின் போயிங் 737 போன்ற விமானங்கள்தான். நடுவில் ஒரே ஒரு நடைபாதை, இரு பக்கமும் மூணு மூணு சீட். சுமார் 2,700 கிலோமீட்டர், ஏறக்குறைய நாலு மணி நேரம். இவ்வளவு தூரத்துக்குப் பெரிய விமானம் விடலாமே?

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 150 பேர் திருச்சி போறாங்கன்னு வெச்சுக்குங்க. 180 சீட் உள்ள ஏ320-இல் நூற்றுக்கு 83 சீட் நிரம்பிடும். அதே 150 பேரை 377 சீட் உள்ள ஏ330-இல் ஏற்றினால் பாதிக்கு மேல் காலி. எரிபொருள், தரையிறங்கும் கட்டணம் எல்லாம் விமானத்தின் எடையோடு ஏறும். ஆள் இல்லாத சீட்டுக்கும் சேர்த்து யாராவது கொடுத்தாகணும். பெரிய விமானம் நிரம்பினால்தான் தலைக்கு ஆகும் செலவு குறையும். நிரம்பாத ஊருக்குச் சின்ன விமானம் இல்லைன்னா நேரடி ஃபிளைட்டே இருக்காது: சென்னையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடிக்கணும்.

இன்னொரு காரணம் தரையில் இருக்கு. திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர். கேஎல்ஐஏ ஓடுபாதைகள் 4 கிலோமீட்டர் அளவு. பெரிய விமானம் முழு எடையோடு கிளம்ப 2,480 மீட்டர் பத்தாது. 2024 ஜனவரியில் திருச்சியின் புதிய முனையம் பிரமாண்டமாகத் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் கட்டடம் பெரிசானதால் ஓடுபாதை நீண்டுவிடாது.

சரி, நெருக்கடி? இங்கே ஒரு வேடிக்கை. ஏ330 அகலமான விமானம்தான், ஆனால் ஏர் ஆசியா எக்ஸ் அதில் வரிசைக்கு 9 சீட் போடுது. பல நிறுவனங்கள் 8-தான் போடும். அதனால் அந்தச் சீட்டின் அகலம் சுமார் 16.5 அங்குலம், ஏ320 சீட்டோ ஏறக்குறைய 18. ஆக, விமானம் பெரிசுன்னா சீட்டும் பெரிசுன்னு நம்பிடாதீங்க. உண்மையான சிரமம் வேறு: எல்லாரும் ஒரே நடைபாதையில் ஏறி இறங்கணும், சாப்பாட்டு வண்டி வந்துட்டா கழிவறைக்குப் போக வழி கிடையாது. கல்யாணச் சாமான், பலகாரப் பெட்டின்னு லக்கேஜ் குவியுற நம்ம பயணத்தில் சரக்கு அறையும் சின்னதுதான். 737-இல் பெட்டிகளை ஒவ்வொண்ணா கையால் அடுக்குறாங்க.

வங்காள விரிகுடாவை ரெண்டே என்ஜினோட கடப்பது பாதுகாப்பா? பெரிய ஏ330-க்கும் ரெண்டு என்ஜின்தான். ஒரு என்ஜின் நின்றாலும் மற்றதை வைத்துக் குறித்த நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டும்படி பாதை வகுக்கணும் என்பது விதி. வழக்கமான வரம்பு 60 நிமிடம். தனி அனுமதி பெற்றால் ஏ320, 737 ரெண்டுக்கும் 180 நிமிடம் வரை போகலாம். (ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கப் பல நாள் ஆச்சு.)

இதைவிட நீண்ட பயணமும் இருக்கு. பெர்த் சுமார் 4,100 கிலோமீட்டர். அங்கேயும் பாத்திக் ஏரின் 737 போயிருக்கு. அடுத்தது ஏ321எக்ஸ்எல்ஆர். பின்பக்கம் 12,900 லிட்டர் கூடுதல் எரிபொருள் தொட்டி, 8,700 கிலோமீட்டர் எட்டும். ஸ்பெயினின் ஐபீரியா 2024 நவம்பரில் அதை மாட்ரிட்–பாஸ்டன் வழியில் விட்டது. 2025 ஜூலையில் ஏர் ஆசியா 50 விமானங்களுக்கு ஏர்பஸுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. கோலாலம்பூரிலிருந்து இஸ்தான்புல் சுமார் 8,400 கிலோமீட்டர். கணக்குப்படி எட்டும், எதிர்க்காற்றும் முழு லக்கேஜும் சேர்ந்தால் இழுபறிதான். லண்டன் சுமார் 10,600 கிலோமீட்டர். அதுக்கு இன்னும் பெரிய விமானம்தான் வேணும்.